பதினொரு விநாடி

குணநாயகம் அண்ணன் கொண்டுவந்த பென்டிரைவில்
நூற்று நாற்பத்திரண்டு படங்கள்.
எல்லாவற்றிலும் கதிரைகள்.
துணி போர்த்த கதிரை, போர்த்தாத கதிரை,
மழைக்குள் அடுக்கிய கதிரை,
ஒன்றில் மட்டும் கதிரையில் அவரே.

"ஒண்டையும் விடாமப் போடு புள்ள.
திறந்து கை வெச்ச உடனே நாதஸ்வரம் கேக்கணும்.
மறுகா எழுத்து ஓடணும், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்."

படம் சுருக்கும் கருவிக்குள் ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
ஐந்து எம்பி உள்ளே போய்
எண்பது கேபியாய் வெளியே வந்தது,
கோயிலில் மொட்டை போட்டு வந்த பிள்ளைபோல்.
பாரம்தான் குறைவு, ஆள் அதே ஆள்.

எழுத்து ஓடக்கூடாது என்று இரண்டு நாள் வாதாடி
வென்றேன்.
நாதஸ்வரத்தில் தோற்றேன்.
முற்பணம் பதினைந்தாயிரம் வாங்கியாயிற்று,
அதில் கரண்ட் பில்லும் கட்டியாயிற்று.

கல்யாணம், சாமத்தியம், பிறந்தநாள், கோயில் திருவிழா.
மரணவீடு பட்டியலின் அடியில்,
'பிற சேவைகள்' என்று அமுக்கினால் உள்ளே.
"முன்னுக்குப் போடாத, சகுனம் சரியில்ல."

ஒரு செவ்வாய், விடியப்புறம் மூன்று மணி.
கோட்டைக்கல்லாற்றில் ஒரு வீடு.
தகப்பனுக்கு அப்போதுதான் நாடி கட்டியிருக்கிறார்கள்.
மகன் பந்தலுக்கு ஆள் தேடி
எங்கள் பக்கத்தைத் திறந்து விரல் வைத்திருக்கிறான்.

கெட்டிமேளம்.

நிறுத்தும் பட்டன் நான் வைக்கவில்லை.
போனைத் தலையணைக்குள் அமுக்கினானாம்.
அழுதுகொண்டிருந்த பெண்கள்
அழுகையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம்.
தலையணைக்குள் தாலி கட்டி முடியும்வரை
ஒருவரும் பேசவில்லையாம்.

அண்ணன் கோல் எடுக்கவில்லை, மோட்டார் சைக்கிளில் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று எல்லாம் சொன்னார்.
"பந்தல் காசு வாங்கல்ல நான்."
மீதிக் காசைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு வருகைக் கணக்கைத் திறந்தேன்.
நான்கு மாதமாய் அது சொல்லிக்கொண்டிருந்ததை
அப்போதுதான் வாசிக்கிறேன்:
பாதிப்பேர் நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில்.
எல்லாம் போன். சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு.
கல்யாணத்துக்கு நாள் வைத்தவன் படம் பார்ப்பான்,
மாமியாரிடம் காட்டுவான், நாளைக்கும் வருவான்.
இவர்களுக்கு வேண்டியது பத்து இலக்கம்.

பிடுங்கத் தொடங்கினேன்.
மேளம் முதலில்.
நூற்று நாற்பத்திரண்டில் ஆறு படம் மிஞ்சியது
(அவர் இருக்கும் படத்தை விட்டுவைத்தேன்).
மின்னஞ்சல் கட்டாயம் என்ற பெட்டியை எடுத்தேன்.
யாரிடம் இருக்கிறது அந்த நேரத்தில் மின்னஞ்சல்?
கதிரைக் கணக்கை ஒரு விரிதாளில் ஏற்றி
லொறி ஓட்டும் றிஸ்மியின் போனிலும் திறக்கவைத்தேன்.
ஒரே நாளில் அதே இருநூறு கதிரையை
மண்டூருக்கும் மகிழூருக்கும் வாக்குக் கொடுத்த மனுஷன் அண்ணன்.
இப்போது ஒருவர் தொட்டால் மற்றவருக்குச் சிவப்பாகும்.

அடியில், பெருவிரல் எட்டும் இடத்தில், ஒரே பட்டன்.
அதில் என்ன எழுதுவது என்பதற்கே
ஒரு பின்னேரம் முழுவதும் போனது.
'தொடர்புகொள்ளவும்' கச்சேரிக் கடிதம் மாதிரி இருந்தது.
'மரணச் சேவை' என்று எழுதி, பார்த்து, அழித்தேன்.
றிஸ்மிதான் லொறிக்குள் இருந்து சொன்னான்:
"எந்த நேரமும் எடுங்க எண்டு போடுங்களன்."
போட்டேன்.

வந்தவர் நிற்கவேண்டும், உலாவவேண்டும்,
நேரம் கூடக்கூட நல்ல தளம்
என்றுதான் வகுப்பில் படித்தது.

வியாழன், மூன்று நாற்பத்திரண்டு.
திரையில் ஒரு ஆள் வந்தார்.
ஒன்பது, பத்து, பதினொரு விநாடி.
போய்விட்டார்.

லாப்டொப்பை மூடவில்லை நான் இன்னும்.
பின் ஒழுங்கையில் ஸ்டோர்க் கதவு இழுபடுகிறது,
றிஸ்மியின் இருமல்,
லொறித் தட்டில் கதிரைமேல் கதிரை விழும் சத்தம்.