பொதுச்சுவர்

மெயினை இறக்கியாயிற்று.
ஃபேன் தன் கடைசிச் சுற்றைத்
தயங்கித் தயங்கி முடித்தது.
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப்
பையில் போட்டுக்கொண்டேன்.
மஞ்சக்குப்பத்தில் ஒரு மாமனார்
"கரண்டு போச்சா" என்று வந்து
நல்ல மனசோடு மெயினைத் தூக்கிவிட்டார் ஒருமுறை.
அதிலிருந்து இந்தப் பழக்கம்.

மெஷினுக்கு மட்டும்
எதிர்ச்சாரித் தையல்கடையிலிருந்து ஒயர்,
நடுவில் ட்ரிப்பர் வைத்த பலகை.

ஏ.சி.க்குத் தனி லைன் கேட்டார் பூபதி.
"குறுக்காவே இழுங்க, பைப்பு மிச்சம்."
குறுக்கே கிழிச்சா சுவருக்கு இடுப்பு ஒடிஞ்சுடும் சார்.
நேராக மேலே ஏறி,
கூரையோரம் வெளியே கேசிங்கில் நடந்து,
அந்தப் பக்கம் நேராக இறங்கலாம்.
பதினேழு அடி கூடுதல்.
கணக்குப் போட்டு முகத்தைச் சுளித்தார்.

தேசிங்கு பிளேடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.
கீறல் இல்லை. கார்டு ஆடவில்லை.
கார்டைக் கழற்றினால் வேலை சீக்கிரம் என்பார்கள்.
அப்படிச் சொன்ன ஒருவர்
இப்போது சட்டைப் பொத்தானுக்கு
மனைவியைக் கூப்பிடுகிறார்.

பாடலீஸ்வரர் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிற்றை
மணிக்கட்டிலிருந்து கழற்றினேன்.
சுற்றும் பிளேடுக்கு
எது சாமிக்கயிறு, எது சணல் என்று தெரியாது.

சாக்பீஸில் இரண்டு கோடு.
செத்த சுவர்தான், இருந்தாலும்
தொடாமலே பாடும் டெஸ்டரை
ஒருமுறை மேலிருந்து கீழே நடத்தினேன்.

முழங்கை உயரத்தில்
பாடியது.

மெயின் கீழே. ஃபியூஸ் என் பையில்.
பிறகு இது யார் வீட்டுக் கரண்டு?

பூபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"அந்தப் பக்கம் என் தங்கச்சி."

பாகப்பத்திரத்தில் படிக்கட்டு இருக்கிறதாம்,
கிணறு இருக்கிறதாம்,
முருங்கையில் எந்தக் கிளை யாருக்கு என்பதுகூட.
சுவருக்குள் ஓடும் ஒயரை
எழுத மறந்திருக்கிறார்கள்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்க.
எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

ஒரே வீடு. ஆனால் அவர் வாசல் பின்தெருவில்.
ரொட்டிக்கடையைச் சுற்றி,
சாக்கடைப் பலகை தாண்டிப் போனேன்.
வனரோஜா அம்மா வீட்டிலும்
கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, உளுந்து.

உங்க கிரைண்டர் நின்னாத்தான்
எங்க கிரைண்டர் ஓட முடியும்மா என்றேன்.
சிரிக்கவில்லை.
"எந்த ரூமு?"
சொன்னேன்.
"எவ்ளோ நேரம்?"
முக்கால் மணி.
மெயினை இறக்கிவிட்டு
போர்டின் கீழேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.
"ஒருத்தரும் தொடாம பாத்துக்கறேன், போங்க."

திரும்பி வந்து மறுபடி டெஸ்டர்.
இப்போது ஊமை.

கண்ணாடி, முகமூடி, காதுக்குப் பஞ்சு.
பூபதியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம்.
கைப்பிடியில் இரண்டு கையும்,
உடம்பு பிளேடின் நேருக்கு இல்லாமல் ஒதுங்கி.
அது முழு வேகத்துக்கு வந்த பிறகே
சுவரில் இறக்கினேன், அழுத்தாமல்.
அழுத்தினால் உதைக்கும்.
முதலில் வெள்ளை பறந்தது, சுண்ணாம்பு.
பிறகு பெண்ணையாற்று மண்ணின் சிவப்பு.
தேசிங்கு வேக்வம் குழாயைப் பிடித்தபடி
கூடவே ஏறினான், கூடவே இறங்கினான்.

பாடின இடத்துக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினேன்.
சுவிட்சை விட்டும் சுற்றிக்கொண்டிருந்தது பிளேடு.
நிற்கும்வரை தரையில் வைக்கவில்லை.
மிச்சம் உளியால், மெதுவாக.
பைப்பு இல்லாமல் பூச்சுக்குள் அப்படியே புதைத்த
பழைய துணி ஒயர்.
என் கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

தேசிங்கு ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் குடித்தான்.

"என்ன சொன்னா?" என்றார் பூபதி.
உளுந்து பாதியில நிக்குதாம்.
"அவ எப்பவுமே கூடுதலாத்தான் போடுவா"
என்றார், தூசியைப் பார்த்து.

பூசுவதற்கு முன் படம் எடுத்தேன்.
பிறகு போர்டு மூடியின் உள்பக்கம்
பென்சிலால், அடுத்து வருகிறவருக்கு:

இந்தச் சுவரில் கை வைக்குமுன்
பின்தெருவுக்கும் போய்ச் சொல்லவும்.