வெற்று எடை

லாரி மேடையேறி நிற்கும்.
ஓட்டுநர் இறங்கி மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போக வேண்டும்.
நான் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி
ஒவ்வொரு வண்டியிடமும் கேட்க வேண்டும்:
"உள்ளே வேறு யாராவது இருக்கிறீர்களா?"

கோஸ்தனாய்ச் சமவெளியில் அறுவடை முடிகிற மாதம்.
ஒரு நாளைக்கு அறுபது முறை கேட்கிறேன்.
யாரும் பதில் சொன்னதில்லை.
ஒரே ஒருமுறை ஓராஸ்பெக்கின் நாய்
இருக்கைக்கு அடியிலிருந்து குரைத்தது.
அதைக் கழிக்கவும் தேவையிருக்கவில்லை, நோஞ்சான் நாய்.
இருபது கிலோவுக்கு உட்பட்ட எதையும்
இந்த மேடை அறியாது.
குருவி, முதல் பனி, வாளித் தண்ணீர்
எல்லாம் அதற்குப் பூஜ்யம்.

நிறை எடை. கொட்டிவிட்டு வந்தால் வெற்று எடை.
ஒன்றிலிருந்து ஒன்று போனால் கோதுமை.
பதினோரு வருடமாக நான் போடும் கணக்கு.
போன வருடம் ஒன்று
இந்த வாரத்தை எட்டாமலே போயிற்று.
அதற்குச் சீட்டு எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை. தேநீரில் ஆடை படிந்திருந்தது.
ஒரு கமாஸ் ஏறி நின்றது.
பொத்தானை அழுத்தினேன்.
"உள்ளே வேறு யாராவது..."

அப்போதுதான்,
தொப்புளுக்கு நாலு விரல் கீழே.
மூடிய இமைக்குள் விழி புரளுமே,
அவ்வளவு.

வாயு என்று நினைத்தேன்.
காலையில் குடித்த ஒட்டகப்பாலின் மேல் பழி போட்டேன்.
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
குவியலின் உச்சியில் ஒரு மணி சரிய
அதன் பின்னாலேயே ஏழெட்டு சரிகிற மாதிரி
மறுபடியும்.

விரல் பொத்தானை விடவில்லை.
என் மூச்சு களம் முழுக்கக் கேட்டதாம்.
வரிசையில் பதினாலு வண்டி. ஹாரன் மேல் ஹாரன்.
ஓராஸ்பெக் வந்து கண்ணாடியைத் தட்டினான்.
"மெஷின் படுத்துவிட்டதா?"
"இல்லை."
"பிறகென்ன?"
"உள்ளே ஆள் இருக்கிறது."
அவன் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான்.

என் பெயர் உல்போசின்.
'மகனாகட்டும்' என்று பொருள்.
மூன்று அக்காக்களுக்குப் பிறகு வந்தவள்.
என் அழுகை கேட்டதுமே அப்பா
அடுத்ததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.
எனக்கு வைத்த பெயர், மேலே அனுப்பிய மனு.
மனு ஏற்கப்பட்டது:
தம்பி அஸ்தானாவில் பல் மருத்துவன்.

வயிற்றுக்குள் நான் முதன்முதலாகப் புரண்டபோது
அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.
ஊருக்கே தெரியும்.
அதைச் சொல்லித்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ரயில் பாதை வேலையிலிருந்து சாபித் போன் செய்தான்.
"உதைத்ததா?" என்றான்.
உதைக்க இன்னும் கால் பழகவில்லை என்றேன்.
"பிறகு எப்படி?"
சொல்லத் தெரியவில்லை.
அவன் பக்கம் சரக்கு ரயில் ஒன்று
கடந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை.
முடியும்வரை இருவரும் பேசவில்லை.

ஷிப்ட் முடிந்து, விளக்குகள் அணைந்து,
பூட்ஸும் கோட்டுமாக மேடையில் போய் நின்றேன்.
ஜூனில் ஒருநாள் விளையாட்டாக நின்றபோது
குடிசை நெற்றியில் சிவப்பாக அறுபது வந்தது.
இன்று எண்பது.

எனக்கு இயந்திரம் தெரியும்.
அறுபத்தெட்டை அறுபதென்று கீழே தள்ளும்,
எழுபத்தொன்றை எண்பதென்று மேலே தூக்கும்.
இருந்தாலும்
வாளித் தண்ணீரை, குருவியை, பனியை
ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மேடை
இருபது கிலோ என்று ஒத்துக்கொண்டதைப் பார்த்து
தனியாக நின்று சிரித்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
யார் என்று கேட்கவில்லை.
இருக்கிறாயா என்று மட்டும்.

பதில் இல்லை. தூங்கியிருக்கும்.
தகடு சில்லிட்டு பூட்ஸுக்குள் ஏறியது.
இறங்கி நடந்தேன், ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டு,
எண் பின்னால் பூஜ்யத்துக்குப் போனதைத்
திரும்பிப் பார்க்காமல்.