தாங்கல்

சட்பரியில் ஏப்ரல் இரண்டாம் வாரம்.
ஏரியின் விளிம்பில் பனி நைந்த பஞ்சுபோல் கிடக்கிறது.
ரெஷான் துளை போடுகிறான், நான் புட்டியை இறக்குகிறேன்.
"ஆறு மாசத்துப் பனி," என்கிறான்,
"ஒரே வாரத்தில் வாய் திறக்கும்."
குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த புளிப்பு
மொத்தமாக இறங்கும் நாட்கள் இவை.

இங்கே அடிப்பாறை கருங்கல்.
எதையும் கரைத்துக் கொடுக்காது.
நிக்கல் உலையின் புகை படிந்து
கறுத்துப்போன மேடுகளில்
மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினார்களாம்,
அதன் பிறகு வந்தவைதான் இந்தப் பிர்ச் மரங்கள்.
ரெஷானின் அப்பாவும் கொட்டியவர்களில் ஒருவர்,
நாள் கூலிக்கு.

மாலை ஆய்வகத்தில் நான் மட்டும்.
பீக்கரில் நூறு மில்லி ஏரி, அடியில் சுழலும் காந்தம்,
மேலே பியூரெட்.
ஒரு சொட்டு: 6.41.
இன்னொன்று: 6.39.
இன்னொன்று. அதே 6.39.

விழுகிற ஒவ்வொரு சொட்டையும்
பைகார்பனேட் எதிரே போய் வாங்கிக்கொள்கிறது.
எண் அசைவதில்லை.
எண் அசையாததால்
உள்ளே ஒன்று தீர்ந்துகொண்டிருப்பது
யாருக்கும் தெரிவதில்லை.

வலிமையான அமிலம் என்பது
கையில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதது.
தண்ணீரைத் தொட்ட கணமே
புரோட்டானை உதறிவிடும், முழுசாக.
மிஞ்சுகிற குளோரைடு, அதன் இணைக்காரம்,
திரும்பக் கேட்காது.
எதிரில் வந்தாலும் முகம் திருப்பாது, கை நீட்டாது.
இதைத்தான் வலிமை என்று பாடநூலில் போட்டிருக்கிறார்கள்.

தணிகைவேல் அக்டோபரில் கால்கரிக்குப் போனான்,
ஒரு பெட்டியோடு.
குக்கரைக்கூடக் கேட்கவில்லை.

பலவீனமானதோ
கொஞ்சம் கொடுக்கும், மிச்சத்தை இழுத்துப் பிடிக்கும்.
கொடுத்ததன் மேலும் ஆசை போகாது.
அதன் இணை கதவைச் சும்மா சாத்தி வைக்கும்,
தாழ் போடாது.
அவன் பெயருக்கு வரும் தபால்களை
நான் ஒரு ஷூ பெட்டியில் போட்டுவருகிறேன்.

பிளஸ் டூவில் இதற்குப் பெயர் தாங்கல் கரைசல்.
பழவந்தாங்கல் ஸ்டேஷனில்
ரயிலுக்கு நின்றபடி மனப்பாடம் செய்திருக்கிறேன்,
தலைக்கு மேலே மஞ்சள் பலகையில்
அதே சொல் எழுதியிருந்ததைக் கவனிக்காமல்.
தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று
இங்கே வந்துதான் உறைத்தது,
முன்னூறு ஏரிகளுக்கு நடுவில்.
போன மாதம் அவன் அம்மா போனில் கேட்டார்:
"அப்படி என்னம்மா உங்களுக்குள்ள மனத்தாங்கல்?"
சொல்லத் தெரியவில்லை.
சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சொல்லியிருப்பேன்.
ஆறு வருஷம் எண் அசையவே இல்லை, அத்தை.

புத்தகத்தில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை உண்டு:
அமிலமும் அதன் இணையும்
இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருக்க வேண்டும்.
ஒன்று மட்டும் எவ்வளவு இருந்தாலும்
அது தாங்கல் ஆகாது.

6.12.
5.70.
அடுத்த சொட்டு விழுவதற்குள் பேனாவை எடுத்தேன்.
4.48.
அந்தச் சொட்டு மற்றதைவிடப் பெரிதில்லை.
முந்தையதைப் போலவே இருந்தது.

கணக்குப் போட்டேன்: லிட்டருக்கு நாலு மில்லிகிராம்.
போன ஏப்ரலில் மூன்று.
நாலு என்பது ஒன்றுமே இல்லை,
சுண்ணாம்புப் பாறை உள்ள ஊர்களில் இருநூறு இருக்கும்.
இருந்தும் புது மாதிரி எடுத்து
இன்னொரு முறை செய்தேன்.
நாலுதான்.
ரெஷானுக்கு எழுதினேன்.
ஒரு மீன் படம் அனுப்பினான்.

வீட்டுக்குப் போகும் வழியில்
சிவப்புத் தபால் பெட்டி ஓரம் காரை நிறுத்தி
ஷூ பெட்டியைத் திறந்தேன்.
ஏழு கடிதங்கள்.
ஆறின் மேல் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதி
உள்ளே தள்ளினேன், ஒவ்வொன்றாக.

ஏழாவது
பல் டாக்டரின் நினைவூட்டல்,
ஒன்றுமில்லாத ஒரு அட்டை.
அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.