நூற்றெட்டுச் சதுர அடி

மிஸ்டர் வைநாட்,
உங்கள் மூன்றாம் கடிதமும் வந்தது.
தபால் பெட்டிக்குள் பனி புகுந்து
கையெழுத்து மட்டும் கரைந்திருந்தது.
விதி எண்கள் கரையவில்லை.

வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள்.
நான் வீடு கட்டவில்லை.
மூன்று ஆட்டுக்கு ஒரு கொட்டில்,
பன்னிரண்டடி நீளம் பத்தடி அகலம்,
நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
கடற்காற்று தோளால் இடித்தாலும்
அசையாத ஸ்ப்ரூஸ் பலகை.
நூற்றெட்டுச் சதுர அடிவரை
கேட்பார் இல்லையாம்.
என்னுடையது நூற்றிருபது.
மிஞ்சிய அந்தப் பன்னிரண்டுக்கு
நூற்றெட்டுக் கேள்வி.

அஸ்திவாரம் நாலடி ஆழம் போகவேண்டும்,
உறைபனி எட்டாத மண்வரை.
போகட்டும், எனக்கென்ன.
ஒன்பதாவது அங்குலத்தில் கிரானைட்.
கடப்பாறை போய்க் கேட்டுப் பார்த்தது,
மூக்கு மழுங்கித் திரும்பியது.
இந்தப் பாறை உறையாது, உப்பாது, ஊர்ந்து போகாது.
உங்கள் அலுவலகமே இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.
ஆனால் வரைபடத்தில் மண் என்று போட்டிருக்கிறது.
போட்டிருந்தால்
மண்தான்.

ஃபாரத்தில் ஒரு கட்டம்:
உள்ளே உறங்குவோர் எத்தனை பேர்?
மூன்று என்று எழுதினேன்.
உண்மை சொன்னதில் வந்தது வினை.
உறங்கும் அறையென்றால்
தீப்பிடித்தால் தப்பிக்க ஒரு ஜன்னல்,
புகை கண்டால் அலற ஒரு கருவி,
வாசலின் மூன்று படிக்கும் கைப்பிடி.
யாருக்கு இருக்கிறது அங்கே கை?

மேபெலை நீங்கள் பார்த்ததில்லை.
தப்பிப்பதற்கு அவளுக்கு
ஜன்னல் வைத்துப் பாடம் எடுக்கவேண்டியதில்லை.
போன ஏப்ரலில்
பாப்டிஸ்ட் சர்ச் கூரையிலிருந்து இறக்கினோம்.
இருந்தாலும் கருவியைப் பொருத்தினேன்.
விடிந்து பார்த்தால்
பேட்டரி மட்டும் வைக்கோலில் கிடந்தது,
பிடிக்காத கத்தரிக்காயை
ஓரம் ஒதுக்கிய மாதிரி.

நீங்கள் நேரில் வந்த அன்று
சுவரில் உள்ளங்கையை வைத்து
இரண்டு தட்டுத் தட்டினீர்கள்.
"நல்ல சுவர்" என்றீர்கள்.
சொல்லிவிட்டுத்தான்
பேனா மூடியைத் திறந்தீர்கள்.
அதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
கை பார்த்ததை
ஏன் பேனா பார்க்கவில்லை?

ஆரஞ்சு நிறத்தில் தடை உத்தரவு
கதவில் அறையப்பட்டது.
பாதிக் கூரை தார்ப்பாய்க்குள் நின்றுவிட்டது.
ஜனவரி ஒன்பது, புயல்.
ஆடுகளை என் சமையலறைக்குக் கூட்டி வந்தேன்.
அங்கே ஜன்னல் இருக்கிறது, சரியான உயரத்தில்.
அலறும் கருவி இருக்கிறது.
டோஸ்ட் கருகினாலே அலறும்.
வீட்டுக்குள் ஆடு ஆகாது என்று
முன்னூற்று எழுபது பக்கத்தில்
ஒரு வரி இல்லை. தேடிவிட்டேன்.
பாத்திரம் கழுவும் மெஷின் அருகே
மேபெல் இரட்டை ஈன்றாள்,
முழுக்க முழுக்கச் சட்டப்படி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று செயின்ஸாவை எடுத்தேன்.
கொட்டிலின் கிழக்கு முனையில்
பதினைந்து அங்குலம்
கேக் மாதிரி ஒரு துண்டு
கூரையோடு சேர்த்து அறுத்தேன்.
பக்கத்து வீட்டு ஹிபர்ட் ஏய்சர்
வேலியோரம் வந்து நின்றான்,
எதுவும் கேட்கவில்லை,
தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

மீதமிருப்பது நூற்றேழரை.
எண்ணிக்கொள்ளலாம்.
அறுத்த துண்டு பன்னிரண்டரை.
அது இன்னொரு கட்டடம்.
இரண்டுக்குமே பெர்மிட் தேவையில்லை.
இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன,
நடுவே ஒரு விரற்கடை விலகி.

முன்பு அந்தச் சுவர் முழுசாக இருந்தது.
நீங்கள் தட்டிப் பார்த்த சுவர்.

இன்று ராத்திரி காற்று
அந்த விரற்கடைக்குள் புகுந்து ஊதுகிறது.
தாழ்ந்த, நீண்ட, அலுக்காத ஒரு சுருதி.
ஆடுகள் உறங்கவில்லை.
ஆகையால்
உறங்குவோர் எண்ணிக்கை: பூஜ்யம்.
ஃபாரத்தில் திருத்திக்கொள்ளவும்.

வெர்லா ஸிங்க்