நாற்பத்தொரு ஓம்

மட்டாவாவில் நான் எடுத்த வீட்டுக்குப் பின்னால்
ஒற்றை மேப்பிள். வேறு உயரம் வாய்க்கவில்லை.
உச்சிக்கொப்புக்குக் கயிறெறிந்து
செப்புக்கம்பியை ஏற்றினேன்,
அடிமரத்திலிருந்து நாலு முழம் தள்ளி.

நானூற்றெழுபத்தைந்து கிலோஹேர்ட்ஸ்.
ஓர் அலை அறுநூற்றுச் சொச்சம் மீற்றர் நீளம்.
அதற்கு என் கம்பி
யானையைக் கட்ட எடுத்த தையல்நூல்.

அளந்தேன்: அறுபத்திரண்டு ஓம்.
எங்கள் பேச்சில் ஓம் என்றால் சம்மதம்.
இந்த மரமோ ஒவ்வோர் ஓமுக்கும்
என்னிடம் கூலி வாங்கியது.
நூறு வாட் அனுப்பினால்
மண்ணும் பட்டையும் ஈர இலையும் குடித்தது போக
அரை வாட் வானத்துக்கு.
காற்றடித்தால் கொப்பு கம்பியை நெருங்கும்,
இசைவு நழுவும், ஊசி சரியும்.
கம்பி நுனி உரசிய சுள்ளியில்
தீக்குச்சித் தலையளவு ஒரு கருக்கல்.

"வெட்டித் தள்ளுவோமா?"
பக்கத்து வீட்டுக் காஸ்தோன், கையில் சங்கிலி வாள்.
வெட்டினால் கம்பியை எதில் கட்டுவது?
அவர் சிரித்தார்.
நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டு நின்றேன்.

தை பிறந்தது. மைனஸ் முப்பத்தொன்று.
மரத்துக்குள் இருந்த தண்ணீர் கல்லாகிவிட்டது.
ஊசி நாற்பத்தொன்றில்.
பிழையாக்கும் என்று திருகாணிகளைக் கழற்றிப் பூட்டினேன்.
நாற்பத்தொன்றேதான்.

அன்றிரவு வழியும் பிறந்தது:
நியூஃபவுண்ட்லாந்திலிருந்து
மெல்பா பென்னி என்றொருத்தி என்னைக் கேட்டாள்.
ஒரு புள்ளிக்கு மூன்று நொடி, கோட்டுக்கு ஒன்பது.
என் அழைப்புக்குறி முடியுமுன்
அவள் ஒரு தேத்தண்ணி குடித்திருக்கலாம்.
என்ன அன்ரெனா என்றாள்.
உறைந்த மேப்பிளோடு ஒட்டிய கம்பி என்று சொல்ல
விடிந்துவிடும்.
"மரம்" என்று மட்டும் அனுப்பினேன்.

பங்குனி. பகலில் ஐந்து பாகை, இரவில் மைனஸ் எட்டு.
காஸ்தோன் என்னைக் கேட்டுவிட்டு
அடிமரத்தில் துளையிட்டு வாளி மாட்டினார்.
மத்தியானம் சொட்டச் சொட்ட ஓம் ஏறும்,
நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு,
விடியப் பார்த்தால் இறங்கியிருக்கும்.
நான் எழுதிவைத்த கொப்பியைப் புரட்டி,
"இன்றைக்கு எத்தனை வாளி என்று
உன் பெட்டி எனக்கு முன்னமே சொல்லுதே" என்றார்.
கோபம்தான் வந்தது.

சித்திரையில் மெல்பா இரைச்சலுக்குள் போய்விட்டாள்.
கதவடியில் ஒரு போத்தல் பாகு.
தேத்தண்ணிக்குள் ஒரு கரண்டி விட்டு
இதில் என்னுடையது எத்தனை வாட் என்று
கணக்குப் பார்த்தேன்.
ஒன்றும் தேறவில்லை.
இன்னொரு கரண்டி விட்டேன்.