அரைத் திருகு

அதிகாலை மூன்று பத்து.
சாலையின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழு.
காற்றின் குளிர் வேறு, சாலையின் குளிர் வேறு;
போன வருடம்வரை எனக்கு இது தெரியாது.
வண்டிக்கு வெளியே ஒரு சின்னக் கருவி
தரையைப் பார்த்துக்கொண்டே வருகிறது
என்னைவிடக் கவனமாக.

இருபத்திரண்டு குளிர்காலம்
திருகை முழுக்கத் திறந்தே ஓட்டினேன்.
சாலை வெளுத்துத் தெரிந்தால்தான்
வேலை நடந்ததாக அர்த்தம்.
காப்பிக் கடையில் சொல்வார்கள்,
"நல்லாப் போட்டிருக்கே, வெண்டல்."
பாதி உப்பு சக்கரங்களில் தெறித்து
ஓரப் பள்ளத்துக்குப் போனதை
யாரும் எண்ணவில்லை.
நானும்தான்.

பிறகு, டார்பெல் குளத்தருகே
இர்மா லகாஸ் வீட்டுக் கிணறு.
முதலில் அவள் கெட்டில் அரித்தது.
அப்புறம் வெந்நீர்த் தொட்டி.
குழாய்க்காரன் மூன்று முறை வந்து
மூன்று முறையும் குழாயைத் திட்டிவிட்டுப் போனான்.
ஒருநாள் என் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி
உள்ளே கூப்பிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பை காப்பி வைத்தாள்.
குடித்தேன்.
என் சாலையின் ருசி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
குளம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.
பிப்ரவரியில் பனிக்கட்டியைத் துளைத்து
கேட்ரின் ஓஷே கயிற்றில் கருவியை இறக்கினாள்.
இறங்க இறங்க எண் ஏறியது.
கனத்த தண்ணீர் அடியில் போய்ப் படுத்துவிடுமாம்.
வசந்தத்தில் குளம் ஒருமுறை புரண்டு படுக்கும்,
அடித்தண்ணீர் மூச்சு வாங்குவது அப்போதுதான்.
"மூன்று வருஷமாப் புரளலே," என்றாள்,
நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல்
மெல்லிய குரலில்.

இப்போது திருகு பாதிதான்.
நேற்று மாலையே, பனி ஒட்டுவதற்கு முன்,
உப்புக் கரைசலைக் கோடு கோடாய்த் தெளித்தாயிற்று.
உலர்ந்த உப்பையும் நனைத்தே தூவுகிறேன்,
துள்ளி ஓடாமல் இருக்க.
கலப்பையை இன்னும் ஒரு விரல் இறக்கியிருக்கிறேன்.
சுரண்டினால் போவதற்கு உப்பு எதற்கு?

ஆனால் தேவாலய வளைவு வருகிறது.
அங்கே ஒரு ஜனவரியில்
மரத்தில் மோதிய காரிலிருந்து
ஒரு பையனை வெளியே எடுத்தோம்.
எடுத்த நாலு கைகளில் இரண்டு என்னுடையவை.
அவை தாமாகத் திருகுக்குப் போகின்றன.
போகட்டும்.
இந்த நூறு அடிக்கு முழுத் திருகு.
குளம் இதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

ஐந்து இருபதுக்குக் கொட்டகைக்குத் திரும்பினேன்.
மிச்ச உப்பை இறக்கினேன்;
முன்பெல்லாம் மிச்சமே இருந்ததில்லை.
இர்மா இன்னும் புட்டித் தண்ணீர்தான் வாங்குகிறாள்.
அந்தக் கிணறு தேற என் ஆயுள் போதாதாம்.

ஏழு மணிக்கு முதல் தொலைபேசி:
"சாலை கருப்பாவே கிடக்கே,
உப்புப் போடலையா?"

கருப்பாக இருக்கிறதா என்று கேட்டேன்.
ஆமாம் என்றார் எரிச்சலாக.
ஈரமாக?
ஆமாம்.
வழுக்குகிறதா?

மறுமுனையில்
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.