காலி எடை

ஆறு மணிக்கு ஷிப்ட் மாற்றப் போனேன்.
கன்னியப்பன் இல்லை.
அவன் போன் மட்டும் சார்ஜரில்,
தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தபடி.
தொட்டதும் விழித்தது:
ஹாங்காங்கில் ஒரு சந்து, நல்ல மழை,
மீன் உருண்டை விற்கிறவன்
வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறான்.
அவன் தோளுக்குப் பின்னால்
கசாப்புக் கத்தியோடு ஒரு கை.
கைக்கு இன்னும் முகம் வரவில்லை.

லாரிக்கும் லாரிக்கும் நடுவில்
பத்துப் பத்து நிமிடமாக
ஒரு வாரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"பாவம்ப்பா, இவன் ஒண்ணுமே பண்ணல.
எவனோ மாத்தி வெச்ச பையை எடுத்துட்டான், அவ்ளோதான்.
அதுக்கு ரெண்டு வெரலு போச்சு."
தமிழ் டப்பிங்கில் அந்த ஆள் மதுரைப் பேச்சு பேசுவான்.
"எனக்கு எதுவும் தெரியாதுண்ணே" என்பான்,
சொல்லும்போதெல்லாம் ஓர் அடி விழும்.
கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஊத்துக்கோட்டை தாண்டி, சுருட்டப்பள்ளிக்கு முன்னால்,
விஷம் குடித்த சாமி படுத்துக் கிடக்கிற பக்கமாய்
எங்கள் எடைமேடை.
முன் சக்கரம் ஆந்திரா, பின் சக்கரம் தமிழ்நாடு என்று
ஓனர் ஜோக்கடிப்பார்.
அறுபது டன் வரை தாங்கும்.
பத்து கிலோவுக்குக் கீழே
அதற்குக் கணக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் மூன்று பதிவு. ஒரே வண்டி நம்பர்.

2.10. காலி வண்டி. 8,460.
2.50. காலி வண்டி. 8,390.
3.25. காலி வண்டி. 8,450.

அந்த வண்டியின் காலி எடை 8,390 என்று
அவனுக்கு மனப்பாடம். எனக்கும்தான்.
"எழுபது கிலோ ஏறிக் காட்டுதேண்ணா" என்று கேட்டிருப்பான்.
"தார்ப்பாய்ல மழைத் தண்ணி" என்றிருப்பான் டிரைவர் சுப்பராயுடு.
மழையே இல்லை.
அன்றைக்கு அவன் போனில் மட்டும்தான் மழை.
வண்டி ஆற்றுப் பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கிறது,
குவாரிக்குச் சரியான சீட்டு வேண்டுமே.
அப்போதாவது பேசாமல் பிரிண்ட் கொடுத்திருக்கலாம்.
என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.
அவனை எட்டு வருஷமாகத் தெரியும்.
"தண்ணி காஞ்சிடுச்சா?" என்றிருப்பான்.
சிரித்துக்கொண்டேதான்.

மூன்றாவதை யாரும் அழுத்தவில்லை.
மேடையில் எடை ஐந்து விநாடி ஆடாமல் நின்றால்
மெஷின் தானே எழுதிக்கொள்ளும்.

ஆயுத பூஜையன்று குங்குமம் வைத்த கையோடு
நாங்கள் ஒவ்வொருவராய் மேடையில் ஏறி நின்றோம்.
அவன் ஆஸ்பத்திரி எடை அறுபத்திரண்டு.
எங்கள் மெஷின் அறுபது என்றது.
"மிச்ச ரெண்டு கிலோ எங்கடா போச்சு?" என்று
மேடைக்கு அடியில் குனிந்து தேடினான்.

மூன்றாம் நாள் ஆரணி ஆற்று மணலில் இரண்டு பேர்.
ஒருவன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.
இன்னொருவன் எல்லையின் மேல் கிடந்தான்.
இரண்டு ஸ்டேஷன்காரர்களும் டேப் பிடித்து அளந்தார்கள்,
தலை உங்களுது, செருப்பு எங்களுது என்று
மத்தியானம் வரை.
வெயில் ஏறியபின் யாரோ ஒரு பெட்ஷீட் கொண்டுவந்தார்கள்.

ஓனர் போன் செய்தார்:
"சாஃப்ட்வேர் ஹேங் ஆயிடுச்சுன்னு சொல்லு."
மூன்று முறை டெலிட் அழுத்தினேன்.
மூன்று முறையும் அது கேட்டது, நிச்சயமாகவா என்று.

போனைப் போலீஸிடம் கொடுக்கும் முன்
ஒரே ஒரு தடவை ப்ளே அழுத்தினேன்.
கைக்கு முகம் வந்தது.
வேறு யாருமில்லை,
பக்கத்துக் கடை நூடுல்ஸ்காரன்.
அப்புறம் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இந்தப் பக்கத்து எஸ்.ஐ. கேட்டபோது
"எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றேன்.
அந்தப் பக்கத்து எஸ்.ஐ.யிடம்
"நாக்கேமி தெலீது சார்."

படத்தில் அவனை ஒருத்தனும் நம்பவில்லை.
என்னை இரண்டு பேரும்
உடனே நம்பினார்கள்.